இரைப்பைக் குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு சோறு இறங்கவில்லை; உங்கள் அனுபவம் என்ன?

வெள்ளவத்தைவாசி எழுதியது:

வணக்கம். எனக்கு 41 வயது. ஐந்து மாதங்களுக்கு முன்னர் கொழும்பிலுள்ள ஒரு தனியார் வைத்தியசாலையில் ஸ்லீவ் எனப்படும் இரைப்பைக் குறைப்புச் சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டேன். அன்று என்னுடைய நிறை 118 கிலோ, இன்று 91 கிலோ. சலரோகத்துக்குப் போட்டுக்கொண்டிருந்த இன்சுலினை வைத்தியர் நிறுத்திவிட்டார். ஆகையால் செய்ததைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. சாப்பாடுதான் என்னைப் படுத்துகிறது.

தண்ணீராகவும் கூழாகவும் குடித்த முதல் ஆறு வாரங்கள் இலகுவாகவே கழிந்தன. திட உணவுக்கு மாறிய பிறகு, சோறு இரண்டு வாய் உள்ளே போனதும் நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு கல் வந்து குந்தியது போல இறுகுகிறது. சற்று நேரத்தில் வாயெல்லாம் நுரை நுரையாக எச்சில் ஊறும். அதன் பிறகு மேசையை விட்டு எழுந்து போவதைத் தவிர வேறு வழியில்லை. கோழியும் பாணும் இதே கதைதான். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் சத்தி எடுக்கிறேன், ஏனென்றால் தான் சமைத்தது எனக்குப் பிடிக்கவில்லை என்று மாமி நினைத்துக்கொள்வார். ஏற்கெனவே ஒரு முறை, "ஒரு பிடி சோறு தின்னாத பிள்ளை எப்படி எழும்பி நடக்கும்?" என்று அயல்வீட்டாரிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

வைத்தியசாலையில் தந்த உணவுத் தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் கொட்டேஜ் சீஸ், வான்கோழி இறைச்சி, ஓட்ஸ் என்று எழுதியிருந்தார்கள். நான் வெள்ளவத்தைச் சந்தையில் வான்கோழிக்கு எங்கே போவேன்? கடைசியில் எனக்கு வில்லங்கமின்றி இறங்குவது தேத்தண்ணீரில் தோய்த்த மாரி பிஸ்கட்டும் ஐஸ்கிறீமும்தான். கடந்த மூன்று வாரங்களாக நிறையும் குறையவில்லை. தலைமயிரும் கைகையாகக் கொட்டுகிறது.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சமாளிப்பது? இது எல்லோருக்கும் வருவதா, அல்லது எனக்கு மட்டும் ஏதோ பிழைத்துவிட்டதா? இதே சத்திரசிகிச்சையைச் செய்தவர்கள் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

சங்குப்பூ எழுதியது:

தங்கச்சி, நான் தெஹிவளையில் இருக்கிறேன். எனக்கும் ஸ்லீவ்தான், நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நீங்கள் எழுதிய கல்லும் நுரையும் எனக்கு நன்றாகவே தெரியும்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரைப்பையின் முக்கால் பங்கு, சிலருக்கு அதற்கும் கூட, வெட்டி அகற்றப்பட்டுவிட்டது. மிஞ்சியிருப்பது ஒரு வாழைப்பழ வடிவக் குழாய், தொடக்கத்தில் அதன் கொள்ளளவு 100 முதல் 150 மில்லிலீற்றர். பழைய இரைப்பை விரிந்து கொடுக்கும். இந்தக் குழாய் அவ்வளவாக விரிந்து கொடுக்காது. நாமோ சோற்றையும் கறியையும் சம்பலையும் ஒன்றாகப் பிசைந்து, உருண்டை பிடித்து, அரைகுறையாக மென்று விழுங்கி, இறங்காவிட்டால் மேலே தண்ணீர் ஊற்றிப் பழகிய சனங்கள். இந்தப் பழக்கம் ஒவ்வொன்றும் இப்போது உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது.

நான் கையால் சாப்பிடுவதை ஓராண்டு நிறுத்தினேன். என் மகளின் பால்சோற்றுக் கரண்டியைத் தேடி எடுத்து, ஒரு வாய் வைத்ததும் கரண்டியைக் கோப்பையில் கீழே வைத்துவிட்டு, இருபது இருபத்தைந்து தடவை மென்று, விழுங்கிய பிறகு ஒரு நிமிடம் சும்மா இருந்து, அதன் பிறகுதான் அடுத்த வாய். அரை மணித்தியாலத்தில் எழுந்துவிடுவேன், கோப்பையில் மிச்சம் இருந்தாலும் சரி. சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. சாப்பிட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும். இடைப்பட்ட நேரங்களில் நாள் முழுவதுமாக ஒன்றரை லீற்றரைக் குடித்து முடிக்கப் பாருங்கள்.

சோற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பலருக்கும் சோறும் பாணும் கடைசியில்தான் திரும்பி வருகின்றன, எனக்குச் சோறு பதினான்காம் மாதம் வந்தது. சோறு உள்ளே போய்த் திரளும், புதுப்பாண் மாவுருண்டையாகிவிடும். பாணை மொறுமொறுப்பாக வாட்டினால் சிலருக்கு இறங்கும்.

புரதத்தை முதலில் சாப்பிடுங்கள். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கோப்பைப் பாலில் 8 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் இருக்கிறது. பிஸ்கட்டில் எண்ணத்தக்கதாக ஒன்றும் இல்லை. நிறை நின்றுபோனதற்கு பிஸ்கட்டும் ஐஸ்கிறீமும் ஒரு காரணமாக இருக்கலாம்: வழுக்கிக்கொண்டு போகிற உணவு இரைப்பையில் தங்காது, ஆகவே எவ்வளவு தின்றோம் என்று வயிறு சொல்வதுமில்லை. தலைமயிர் கொட்டுவது மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை பலருக்கும் வருவது. புரதம் போதாவிட்டால் அது இன்னும் மோசமாகும்.

இனி எங்கள் குசினி. நான் பாரை அல்லது விளைமீனில் நெருப்புப்பெட்டி அளவு துண்டு ஒன்றை எடுப்பேன். சூரை வேண்டாம், வெந்ததும் வரண்டுவிடும். இரண்டாம் பாலில் வெங்காயம், மஞ்சள், சிறிது வெந்தயம் போட்டுக் கொதி வந்ததும் மீனை இட்டு, மூடி, அடுப்பைத் தணித்துவிட வேண்டும். மீன் வெள்ளையாகிப் பிரியத் தொடங்கியவுடன் இறக்கி, முள் பார்த்து, முள்ளுக்கரண்டியால் அந்தச் சொதிக்குள்ளேயே மசித்துவிடுங்கள். ஓர் இடியப்பத்தைப் பிய்த்து அதற்குள் பத்து நிமிடம் ஊறவிட்டு, மீனை முதலிலும் இடியப்பத்தைப் பிறகும் சாப்பிடுங்கள். இடியப்பம் பாதியில் நின்றால் பரவாயில்லை. சொதி நீராக இல்லாமல் மீனோடு ஒட்டிப் பிடிக்கும் அளவுக்கு இருக்கட்டும்; கோப்பையில் சொதி மிஞ்சினால் அதைக் குடித்துவிடாதீர்கள்.

கோழியில் நெஞ்சுத் துண்டை மறந்துவிட்டுத் தொடைப் பகுதியை அரைத்துச் சமைக்கலாம். நேற்றைய கோழியைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்கிச் சாப்பிட்டால் அது நார்நாராகத் தொண்டைக்குக் கீழே நிற்கும்; என் அனுபவத்தில் அதைவிட மோசமான உணவு கிடையாது. பருப்பைக் குழைய அவியுங்கள். எருமைத் தயிர் நல்லது, ஆனால் பாணி ஊற்றாமல். புட்டு, கணவாய், முருங்கைக்காய், தேங்காய்ப்பூச் சம்பல் ஆகியவற்றைச் சில மாதங்கள் தள்ளி வையுங்கள்.

இன்னொன்று. ஒவ்வொருவருக்கும் "போதும்" என்று சொல்ல உடம்பில் ஓர் அடையாளம் இருக்கிறது. எனக்கு மூக்கு ஒழுகும், இங்கே சிலருக்கு விக்கல் வரும். அதற்குப் பிறகு ஒரே ஒரு வாய் வைத்தாலும் முழுவதும் வெளியே வந்துவிடும்.

காலிமுகக் காற்று எழுதியது:

என் மைத்துனரும் இந்தச் சத்திரசிகிச்சை செய்தவர். மூன்றாம் மாதமே கொத்து ரொட்டி சாப்பிட்டார். இதில் பாதி மனப்பயம் என்பது என்னுடைய அபிப்பிராயம். பயந்து பயந்து சாப்பிட்டால் யாருக்கும் தொண்டை இறுகும். ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகச் சோற்றைக் கொடுத்துக்கொண்டே வந்தால் இரைப்பை தானாகப் பழகிவிடும். சத்தி வந்தாலும் விடாமல் முயற்சி செய்யுங்கள்.

பழைய தாதி எழுதியது:

மேலே எழுதிய தம்பி நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார், ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் பின்பற்ற வேண்டாம். நான் சத்திரசிகிச்சை விடுதிகளில் நீண்ட காலம் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். வைத்தியர் அல்ல, ஆகவே நான் எழுதுவதை வைத்துக்கொண்டு உங்கள் வைத்தியரிடம் கேள்வி கேளுங்கள், அவ்வளவுதான்.

மகள், உங்கள் கடிதத்தில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றைத்தான் நான் தேடினேன். வாரத்தில் எத்தனை நாள் சத்தி எடுக்கிறீர்கள்? வேகமாகச் சாப்பிட்ட நாளில் மட்டும் வருகிறது என்றால் சங்குப்பூ சொன்னவை போதும். நன்றாக மென்று, மெதுவாகச் சாப்பிட்டும், மசித்த மீன்கூடத் தங்காமல் நாள்தோறும் வெளியே வருகிறது, நீராகாரம் மட்டும்தான் இறங்குகிறது என்றால், ஐந்தாம் மாதத்தில் அதைப் பழக்கக் குறைவு என்று சொல்லித் தள்ளிப்போடக் கூடாது. ஸ்லீவ் செய்த குழாய் நடுவில் மடங்கும் இடத்தில் சிலருக்கு ஒடுங்கிவிடும் அல்லது முறுகிவிடும். மருந்தொன்றைக் குடிக்கச் செய்து எக்ஸ்றே எடுத்தும், எண்டோஸ்கோப்பி செய்தும் அதைக் கண்டுபிடிப்பார்கள். பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி வழியாகவே ஒரு பலூனைச் செலுத்தி ஊதி, ஒடுக்கத்தை விரித்துவிட முடியும். சிலருக்கு இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறொன்று. தயமின் என்ற விற்றமின் பீ1 நமது உடம்பில் இரண்டு மூன்று வாரங்களுக்குப் போதுமான அளவே சேமிப்பில் இருக்கும். தொடர்ச்சியாகச் சத்தி எடுப்பவருக்கு அது தீர்ந்துபோவது வெளியே தெரியாது. கால் எரிவு, விறைப்பு, நடையில் தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிதல், பேச்சிலும் நினைவிலும் குழப்பம் ஆகியவை வந்துவிட்டால் அது அவசர நிலை. பிந்தினால் மூளைக்கு ஏற்படும் பாதிப்பு நிரந்தரமாகிவிடக்கூடும். தீட்டிய அரிசியை மட்டும் தின்ற சனங்களுக்கு அந்தக் காலத்தில் வந்த பெரிபெரி நோயும் இதே விற்றமின் குறைவால்தான் வந்தது. அந்தப் பெயரே சிங்களச் சொல்லிலிருந்து பிறந்தது என்று சொல்வார்கள். ஆகவே, சத்தி காரணமாகச் சேலைன் ஏற்ற எந்த வைத்தியசாலைக்குப் போனாலும், இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்தவர் என்பதை வாயிற்படியிலேயே சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் ஊசி தேவையா என்று கேளுங்கள். கேட்டதற்காக யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

தண்ணீர்கூடத் தங்காவிட்டால், சிறுநீர் கடும் நிறமாகிக் குறைந்தால், காய்ச்சலோடு வயிற்றுவலியும் நெஞ்சுப் படபடப்பும் வந்தால், சத்தியில் இரத்தம் கண்டால், மறுநாள் கிளினிக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

மாத்திரைகளைப் பற்றியும் ஒரு சொல். பல்விற்றமின், கல்சியம், இரும்பு, பீ12 ஆகியவற்றை "இப்போது நன்றாக இருக்கிறேன்" என்று நிறுத்திவிடுகிறவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். இரும்பையும் கல்சியத்தையும் குறைந்தது இரண்டு மணித்தியால இடைவெளி விட்டு எடுக்க வேண்டும். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணீரோடு விழுங்குவது பாதி மாத்திரையைக் குப்பையில் போடுவதற்குச் சமம். தேசிக்காய்த் தண்ணீரோடு எடுங்கள். தலைமயிர் கொட்டுவதற்கும் இரும்புச்சத்தைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. முழங்கால் வலிக்கென்று பார்மசியில் டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்றவற்றை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், குறிப்பாக இரைப்பையில் பைபாஸ் செய்தவர்கள்.

குழாயைத் திறந்துவிட்டுச் சத்தி எடுப்பதை நிறுத்துங்கள், மகள். மாமியைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். வைத்தியர் வாயால் கேட்டால் அவர் நம்புவார். எங்கள் தலைமுறை அப்படித்தான்.

பம்பலப்பிட்டித் தம்பி எழுதியது:

அக்கா, எனக்குச் செய்தது ஸ்லீவ் அல்ல, பைபாஸ். சிறுகுடலை மேலே இழுத்து, ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு சிறு இரைப்பைப் பையோடு இணைத்துவிடுவார்கள். என்னுடைய தொல்லை வேறு வகையானது. ஆனாலும் இங்கே பதிவு செய்கிறேன், ஸ்லீவ் செய்தவர்களிலும் சிலருக்கு இது வருவதாகச் சொல்கிறார்கள்.

சத்திரசிகிச்சை முடிந்த எட்டாம் மாதம் ஒன்றுவிட்ட தங்கையின் கல்யாணம். பந்தியில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, வற்புறுத்தலுக்காகப் பாயசம் அரைக் கோப்பை குடித்தேன். கால் மணித்தியாலம் கூட ஆகவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது, உடுப்பு முழுவதும் வியர்வையில் நனைந்தது, வயிறு முறுக்கியது. மண்டபத்தின் பின்னால் சமையற்காரரின் அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு அரை மணித்தியாலம் கிடந்தேன். பார்த்தவர்கள் என்னைக் குடித்துவிட்டு வந்தவன் என்றே நினைத்திருப்பார்கள். இதற்கு டம்பிங் என்று பெயர். சீனி நேரே குடலுக்குள் விழும்போது, அது உடம்பிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுத்துவிடுகிறது என்று பின்னர் விளக்கினார்கள். இன்னொரு வகை, சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்குள் வருவது. இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து குருதியில் சீனி இறங்கிவிடும். கை நடுங்கும், தலை சுற்றும். அதை நான் காலி வீதியில், 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது அனுபவித்தேன். இப்போது சட்டைப்பையில் இரண்டு குளுக்கோஸ் வில்லைகளும் ஒரு சிறு பொட்டலம் கடலையும் எப்போதும் இருக்கும். சீனியை மட்டும் போட்டுவிட்டு விட்டால் மீண்டும் ஏறி மீண்டும் இறங்கும், அதனால்தான் கடலை.

விசேட வீடுகளுக்குப் போவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. நான் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போகிறேன். "வயிற்றில் ஒப்பரேசன் செய்திருக்கிறேன், வைத்தியர் மறித்திருக்கிறார்" என்பதற்கு மேல் விளக்கம் சொல்வதில்லை. நிறை குறைப்பதற்காகச் செய்தது என்று சொன்னால் உடனே ஒரு விவாதம் தொடங்கும். ஒப்பரேசன் என்று மட்டும் சொன்னால் இலையை எடுத்துவிடுகிறார்கள்.

வெள்ளவத்தைவாசி எழுதியது (மூன்று வாரங்களின் பின்):

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பழைய தாதி அம்மாவின் கேள்வியைப் படித்த அன்றிரவு நாட்காட்டியில் குறித்துப் பார்த்தேன். அடுத்து வந்த ஏழு நாட்களில் ஆறு நாள் சத்தி எடுத்திருந்தேன். அவ்வளவு என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை, ஒவ்வொரு நாளும் "இன்றைக்கு வேகமாகச் சாப்பிட்டுவிட்டேன்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எக்ஸ்றேயில் ஒடுக்கம் தெரிந்தது. தயமின் ஊசி போட்டார்கள். சென்ற வியாழக்கிழமை எண்டோஸ்கோப்பி மூலம் பலூன் வைத்து விரித்தார்கள், இன்னொரு தடவை தேவைப்படலாம் என்று வைத்தியர் சொன்னார். மாமியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வைத்தியர் ஒரு வெற்றுத் தாளில் முதலில் பழைய இரைப்பையையும் அருகில் இப்போதைய குழாயையும் வரைந்து காட்டினார். மாமி அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை குசினியில் தேநீர்த் தட்டு ஒன்றை எடுத்து, "இதுதானே உன்னுடைய கோப்பை?" என்று கேட்டார். அயல்வீட்டாருக்கும் அந்தப் படம் காட்டப்பட்டுவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

நேற்று மசித்த மீனில் ஐந்து கரண்டியும் இடியப்பத்தில் கால்வாசியும் சாப்பிட்டேன், தங்கியது. ஐந்தாவது கரண்டியில் விக்கல் வந்தது, நிறுத்திவிட்டேன். பிஸ்கட் பெட்டி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அதை முற்றாக விட்டுவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

சங்குப்பூ அக்கா, சொதி கொதித்த பிறகு மீனைப் போட்டால் எனக்குத் துண்டு ஓரத்தில் இறுகிவிடுகிறது. எத்தனை நிமிடம் வைக்கிறீர்கள்?

சங்குப்பூ எழுதியது:

கொதி அடங்கிய பிறகு போடுங்கள், தங்கச்சி. அந்த அளவுத் துண்டுக்கு ஐந்து நிமிடம் காணும். மூடியைத் திறந்து திறந்து பார்க்கவேண்டாம். வைத்தியர் இரண்டாவது தடவை விரித்த பிறகு ஒன்றிரண்டு நாள் மீண்டும் நீராகாரத்துக்குப் போகச் சொல்வார் என்று நினைக்கிறேன், அந்த நாட்களுக்குப் பருப்புத் தண்ணீரை வடித்துச் சிறு போத்தல்களில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.